முதலில் வந்தது நிழல்

நகடோம்பே ஆரம்பப் பள்ளிக்கு அரசாங்கம் ஒதுக்கிய இரண்டு வகுப்பறைக் கட்டடத்தின் நிழல், ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் காலை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. கட்டடம் வரவில்லை. தேசிய கீதம் பாதியில் இருக்கையில், மைதானத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு நோக்கி, கூரை முகடும் நீளத் தாழ்வாரமும் வரிசையாகச் சன்னல்களுமாக ஒரு முழுப் பள்ளிக்கூடம் தரையில் விழுந்து கிடந்தது. ஆடுகள்தான் முதலில் போய்ப் படுத்தன. தலைமையாசிரியை எனெலேசி கீதம் முடியும்வரை அசையாமல் நின்றுவிட்டு, நிழல் தொடங்குகிற இடத்துக்குப் போய்க் கையை நீட்டித் துழாவிப் பார்த்தார். காற்றுதான் தட்டுப்பட்டது. அன்று காலை தலைநகரில் பட்ஜெட் நிறைவேறியது என்றும், அதில் நகடோம்பேக்கு ஒரு கட்டடம் உண்டு என்றும் மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள். ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. அரசாங்கத்திடமிருந்து எதுவும் ஒரே நாளில் முழுசாக வந்த சரித்திரம் இல்லை. தண்ணீர்ப் பம்பு வந்தபோதுகூடக் கைப்பிடி ஓர் ஆண்டிலும் குழாய் மறு ஆண்டிலும்தான் வந்தன. தகரமும் சிமென்டும் லாரி ஏறி, ஏரிக்கரை மண்சாலையில் குலுங்கி, இரண்டு பாலங்களைக் கடந்து வரவேண்டும். நிழலுக்கு அந்தத் தொல்லை இல்லாததால் முந்திக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் வகுப்பு அதுவரை மாமரத்தடியில் நடந்தது. கல்வி இலவசம் என்று அறிவித்த காலத்திலிருந்து நகடோம்பேயில் பிள்ளைகள் கரையான் போலப் பெருகிவிட்டிருந்தார்கள். இருந்த செங்கல் அறைகளில் மேல்வகுப்புகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார, சிறுசுகள் வெளியே மிஞ்சின. ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மேம்பாட்டுக்கென்று வருகிற குவாச்சாப் பணம் சாக்குக்கட்டிக்கும் ஒரு கால்பந்துக்கும் சரியாக இருக்கும்; பந்து சீக்கிரம் கிழிந்துவிடும். எனெலேசி மறுநாளே முதல் வகுப்பை மரத்தடியிலிருந்து நிழலுக்கு மாற்றினார். பிள்ளைகள் ஒரே வாரத்தில் அதற்குப் பழகிவிட்டார்கள். வாசல் இருக்கிற இடத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். தாமதமாக வந்து சுவரை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள் ஒற்றைக்காலில் நிற்கவைக்கப்பட்டார்கள். சன்னல்கள் வழியே தரையில் விழுந்த வெயில் கட்டங்களில் இடம்பிடிக்க ஜூன், ஜூலைக் குளிர்காலம் முழுவதும் அடிதடி நடந்தது. சூரியன் ஏற ஏற நிழல் நகரும். கூடவே வகுப்பும் பிட்டத்தால் நகரும். உச்சிவேளைக்குள் நிழல் ஒரு கீற்றாகச் சுருங்கிவிடும். முதல் வகுப்பை அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் அரசாங்கத்தின் கால அட்டவணையும். அந்த ஒரு விஷயத்தில் அட்டவணையும் கட்டடமும் ஒத்துப்போனதைப் பார்த்து எனெலேசிக்கு மரியாதையே வந்துவிட்டது.

மழையைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. நிழல் வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. மழைக்காலத்தில் வெயிலும் இருக்காது, நிழலும் இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் மழை இறங்கியதும் முதல் வகுப்பு தானாகக் கலையும். மார்ச்சில் வானம் வெளுக்கும்போது பாதிப்பேர் திரும்ப மாட்டார்கள். ஸியோனே என்கிற பெண் மூன்று வருடமாக முதல் வகுப்பிலேயே இருந்தாள். மக்கு ஒன்றும் இல்லை. முதல் பருவத்தில் படித்ததை எல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பாள். மழைக்குப் போவாள், பரீட்சை முடிந்த பிறகு வருவாள், செப்டம்பரில் மறுபடியும் ‘அ’விலிருந்து தொடங்குவாள். வகுப்பில் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு மேலே அவள் தலை மட்டும் தெரியும். அவளை வளர்த்த அத்தை லோஸிக்கும் பொறுமை போய்விட்டது.

"மழை வந்தா ஒங்க பள்ளிக்கூடம் லீவு மேடம். நாலு மாசம் இவ வீட்ல குந்திக்கிட்டு ந்சிமாக்களி தின்னா எம் மாவுப்பானை தாங்காது. டவுன்ல எங்கண்ணன் மகளுக்குக் கொழந்த பொறந்திருக்கு. தூக்கி வச்சுக்க ஆளு கேக்குறா. இந்த மழைக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன்."

"இந்த வருசம் லீவு விடமாட்டேன் லோஸி."

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க. மாமரத்துக்குத் தார்ப்பாய் கட்டப் போறேன்னீங்க. தார்ப்பாய் எங்க? மரந்தான் இருக்கு."

தார்ப்பாயை முதல் காற்றே தூக்கிப் போய்விட்டிருந்தது. டவுனுக்குக் குழந்தை தூக்கப் போன பெண் யாரும் நகடோம்பே பள்ளிக்குத் திரும்பியதில்லை என்பதும் இருவருக்கும் தெரியும். எனெலேசி, மழைக்குள் கூரை வந்துவிடும் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அரசாங்கம் தகரமும் சிமென்டும் தரவேண்டுமானால் செங்கல்லும் மணலும் தண்ணீரும் ஊர் தரவேண்டும். அது எல்லா ஊருக்கும் உள்ள முறை. ஊர்த்தலைவர் சிம்பலங்கா ஆகஸ்டிலேயே தண்டோரா போட்டு, ஓடைக்கரையில் ஆண்களை மண் மிதிக்க வைத்தார், பெண்களைத் தண்ணீர் சுமக்க வைத்தார், தான் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் தைரியம் சொன்னார். செங்கல் அறுத்து, காயவைத்து, சூளை அடுக்கி, விறகு வைத்து எரித்தார்கள். சூளை ஆறியபோது செங்கல் நல்ல சிவப்பில், தட்டினால் கணீர் என்றது. இனி அதிகாரி வந்து பார்த்தால் போதும் என்று தலைவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிழை நடந்தது அதற்குப் பிறகுதான்.

மாவட்டக் கட்டட அதிகாரி கபூக்கா அக்டோபரில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நகடோம்பேயில் அரசாங்க ஆள் யார் வந்தாலும் முதலில் நன்றி சொல்லிவிட வேண்டும். வந்ததற்கு மட்டும் இல்லை, வராததற்கும், இனி வரப்போவதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு மரியாதை தெரியாது என்று ஆகிவிடும். அதனால் கபூக்காவை நிழலின் உள்ளே நல்ல இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார வைத்து, கோழியும் ந்சிமாவும் வைத்தார்கள். லோஸியின் தலைமையில் பெண்கள் ஒரே நிறத்துச் சித்தெஞ்சே துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தந்த அரசாங்கம் வாழ்க என்று பாடி ஆடினார்கள். தலைவர் எழுந்து முக்கால் மணி நேரம் நன்றி சொன்னார். நடுவில் எனெலேசி இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் கைதட்டலில் அவர் குரல் அமுங்கிவிட்டது. கபூக்காவின் மனம் குளிர்ந்தது. நாடா எடுத்து நிழலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். வரைபடத்தில் இருந்தபடியே, அங்குலம் பிசகாமல் இருந்தது. கட்டடம் முடிந்துவிட்டது, பயன்பாட்டில் இருக்கிறது, மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று மேலே அறிவித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நிழல் இன்னும் கறுத்து, ஓரங்கள் கத்தியாக இருந்தன. உள்ளே மேசைகளின் நிழலும் வந்திருந்தது.

எனெலேசி சைக்கிள் டாக்சியின் பின்னால் உட்கார்ந்து பெரிய சாலைவரை போய், அங்கிருந்து கூடை உசிபா மீனோடு மினிபஸ்ஸில் நசுங்கி மாவட்டத் தலைநகர் போய்ச் சேர்ந்தார். மீன் வாசனையோடு அலுவலகத்துக்குள் வந்தவரைக் கபூக்கா எழுந்து நின்று வரவேற்றார். கெட்ட மனிதர் இல்லை.

"மேடம், கட்டடம் முடிஞ்சுபோச்சே. நானே அளந்தேன்."

"நீங்க அளந்தது நெழல சார்."

"நெழல் இருந்தா கட்டடம் இருந்துதான மேடம் ஆகணும்? நான் படிச்ச படிப்பு அப்படித்தான் சொல்லுது. சரி, படிப்ப விடுங்க. ஒங்க ஊர்ல பொம்பளைங்க ஆடுனாங்க. தலைவர் முக்கா மணி நேரம் நன்றி சொன்னாரு. இல்லாத ஒண்ணுக்கு யாராவது முக்கா மணி நேரம் நன்றி சொல்வாங்களா?"

நகடோம்பேயில் சொல்வார்கள். கபூக்கா குரலைத் தாழ்த்தினார்.

"முடிஞ்ச கட்டடத்த மறுபடி கட்ட எங்கிட்ட வழி இல்ல. கெட்டுப்போனா சரிபண்ண வழி இருக்கு. காத்துல கூரை பறந்துருச்சுன்னு சேதி வந்தா ஒரு வாரத்துல தகரம் அனுப்பிருவேன். இல்லாத கூரைக்குத்தான் மேடம் வருசக்கணக்காகும்."

எனெலேசி தேவாலயத்தில் மூப்பராக இருந்த ஒருவரின் மகள். நினைவு தெரிந்து பொய் சொன்னதில்லை. பறக்காத கூரையைப் பறந்தது என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. திரும்பும் வழி முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். லோஸி, ஸியோனேக்கு டவுனுக்குப் போட்டுப்போக ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாக வழியிலேயே சேதி கிடைத்தது.

நவம்பரில், காட்டுத் தீயை அணைத்துவிட்டு ஓடிப்போகிற அந்த முதல் மழை வந்தது. மழை கொஞ்சம், காற்று அதிகம். இரவெல்லாம் மைதானத்தில் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. தகரம் எதுவும் அங்கே இல்லை என்பதால் யாரும் எழுந்து பார்க்கவில்லை. விடிந்து வெயில் வந்தபோது பள்ளிக்கூடத்தின் நிழலில் கூரை இல்லை. சுவர்கள் நின்றன, அவற்றின் மேல் விட்டங்கள் மட்டும் கோடு கோடாகத் தரையில் விழுந்தன. பறந்துபோன தகரங்களின் நிழல்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஒன்று தலைவர் வீட்டு அடுப்படிமேல் கிடந்தது. ஒன்று சாலை நடுவே கிடந்ததால் சைக்கிள்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லோஸியின் சோளக்கொல்லையில் விழுந்தது அந்த ஆண்டு முழுவதும் அங்கிருந்து நகரவில்லை. அந்த இடத்துச் சோளம் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக வளர்ந்தது. எனெலேசி நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, பள்ளிக்கட்டடத்தின் கூரை காற்றில் பறந்துவிட்டது என்று மாவட்டத்துக்குச் சேதி அனுப்பினார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

கபூக்கா நேரில் பார்க்க வருவார் என்று பதில் வந்தது. எனெலேசி உடனே தலைவர் வீட்டுக்குப் போனார்.

"இந்தத் தடவை நன்றி சொல்லக்கூடாது தலைவரே. ஆட்டமும் கூடாது."

சிம்பலங்காவுக்கு முகமே மாறிவிட்டது. "வந்தவனுக்கு நன்றி சொல்லாம அனுப்புறதா? எங்கப்பன் செத்தன்னிக்கே வந்தவங்களுக்கு நன்றி சொல்லிட்டுத்தான்மா நான் அழுதேன்."

"அன்னிக்கு நீங்க சொன்ன நன்றியிலதான் நம்ம கட்டடம் முடிஞ்சுபோச்சு."

"குடுத்த நன்றியத் திருப்பி வாங்கச் சொல்றியா?"

"வாங்க வேண்டாம். இன்னொரு தடவ குடுக்காதீங்க. அது போதும்."

நகடோம்பே அதன் வரலாற்றில் செய்த மிகக் கடினமான காரியம் அன்று நடந்தது. கபூக்கா வந்தார். நாற்காலி போட்டார்கள், கோழி வைத்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. லோஸி தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டாள், அவை தாமாகத் தட்டிவிடுமோ என்ற பயத்தில். தலைவர் வாயில் கொள்ளாத ஒரு கரும்புத் துண்டைத் திணித்து மென்றுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. கபூக்கா சாப்பிட்டு முடித்து, வழக்கம்போலப் பெண்கள் பக்கம் பார்த்துப் புன்னகைத்தார். யாரும் எழவில்லை. பேச்சும் பாட்டும் இல்லாததால் பார்ப்பதற்கு அவருக்கு வேறு எதுவும் மிச்சமில்லை, தான் உட்கார்ந்திருக்கிற இடத்தைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. விட்டங்களின் இடைவெளியில் வெயில் அவர் வழுக்கைத்தலையைச் சுட்டது. எழுந்து நின்று மெதுவாகக் கையை நீட்டினார், ஜூன் மாதம் எனெலேசி நீட்டியது போலவே.

"மேடம்," என்றார் தாழ்ந்த குரலில், "சுவர் எங்க?"

"சூளையில இருக்கு சார்."

சிவந்த சூளையை அவர் வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. நாடாவை எடுக்கவும் இல்லை.

"தகரம் அனுப்புறேன். தகரமும் மரமும் மட்டுந்தான். சுவர எங்கிட்ட கேட்டுராதீங்க."

"கேக்கல சார்."

அவருடைய மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை தலைவர் தாக்குப்பிடித்தார். பிறகு கரும்பைத் துப்பிவிட்டு, சாலையில் பறந்த புழுதிக்கு முழு மனதோடு நன்றி சொன்னார். அது அடங்கும்வரை சொன்னார்.

சொன்னபடி ஒரே வாரத்தில் லாரி வந்தது. அடுத்த மழை விதைப்பு மழை. அதற்குள் கொல்லைகளில் வரப்புப் பிடித்து வைக்காத வீட்டில் அடுத்த ஆண்டு பசிதான். ஆனாலும் நகடோம்பே மண்வெட்டியைச் சாத்திவிட்டுச் செங்கல் சுமந்தது. நிழல் விழுகிற இடத்திலேயே கட்டலாம் என்று கொத்தனார் கோடு போட்டார். நடக்கிற வகுப்பைக் கலைக்கக்கூடாது என்று எனெலேசி மறுத்ததால் மைதானத்தின் எதிர்ப்பக்கம் அடித்தளம் தோண்டினார்கள். சிமென்டு நிழல் கட்டடத்தின் கணக்கோடு போய்விட்டிருந்தது, அதனால் சேற்றைக் குழைத்தே கல் அடுக்கினார்கள். லோஸி விடிகாலையிலேயே தலையில் கல்லோடு வந்து நின்றாள். டவுனிலிருந்து அண்ணன் மகள் மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டாள். ஸியோனேயின் புதுச்சட்டை தைத்து மடித்து மூலையில் இருந்தது.

"எப்ப அனுப்புற?" என்று எனெலேசி ஒருநாள் கேட்டார்.

"கூரை ஏறட்டும் மேடம். ஏறலைன்னா மறுநாளே பஸ்ஸு," என்றாள் லோஸி. கல்லை இறக்கிவிட்டு அடுத்த நடைக்குப் போனாள்.

கடைசித் தகரத்துக்கு ஆணி அடிக்கும்போதே ஏரிப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. மறுநாள் காலை முதல் வகுப்பு, மண் காயாத தரையில், சுவர் என்று ஒன்று முதுகில் இடிப்பதை நம்ப முடியாமல் அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது மழை இறங்கியது. தகரக் கூரைமேல் மழை விழும் சத்தம் எப்படியிருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனெலேசி கத்தினார், கேட்கவில்லை. கரும்பலகையில் எழுதினார், யாரும் பார்க்கவில்லை. எல்லா முகமும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. ஒரு பிள்ளையும் எழுந்து வீட்டுக்கு ஓடவில்லை. அவர் சாக்குக்கட்டியை வைத்துவிட்டு அழுதார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் நன்றாக வாய்விட்டே அழுதார். லோஸி மண்வெட்டியோடு நனைந்தபடி வாசலுக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு மேலே ஸியோனேயின் தலை தெரிந்தது, உலர்ந்த தலை. லோஸி சற்று நேரம் பார்த்துவிட்டு, விதைக்கத் தனியாகவே கொல்லைக்குப் போனாள். அந்த ஆண்டு நகடோம்பேயில் விளைச்சல் குறைவுதான். ஏப்ரல் வரை பலர் ஒருவேளைக் கஞ்சியில் காலம் தள்ளினார்கள். அதற்காகப் பள்ளிக்கூடத்தைக் குறைசொன்னதாக யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

ஸியோனே பரீட்சை எழுதினாள், தேறினாள். செப்டம்பரில் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். மழைக்கு யாரும் கலையாததால் பெருத்துவிட்ட இரண்டாம் வகுப்பு பழைய செங்கல் அறைகளில் கொள்ளவில்லை. புதுக் கட்டடத்தின் இரண்டு அறைகளையும் முதல் வகுப்பே நிரப்பிவிட்டது, கூரை இருக்கிறது என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். எனவே இரண்டாம் வகுப்புக்கு எதிர்ப்பக்க நிழலைக் கொடுத்தார்கள். கூரை போனதில் ஒரு வசதியும் இருந்தது: விட்டங்களின் கோடுகள் விழுந்த இடத்தில் பிள்ளைகள் தாமாகவே வரிசையாக உட்கார்ந்தார்கள். மழை வந்தால் எல்லாரும் எழுந்து மைதானத்தைக் குறுக்கே ஓடி முதல் வகுப்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு பட்ஜெட்டில் நகடோம்பேக்கு ஓர் ஆசிரியரையும் ஒதுக்கியிருந்தார்கள். அவரும் நிழலாகத்தான் வந்தார். உயரமான மனிதர், கழுத்துப்பட்டை கட்டியவர். தினமும் சரியாக ஏழரை மணிக்குத் தரையில் விழுந்து, நிழல் பலகையில் நிழல் குச்சியால் சுட்டிக்காட்டுவார். பிள்ளைகளைத் தம் வீட்டுக்குத் தண்ணீர் தூக்க அனுப்பியதில்லை, யாரையும் அடித்ததில்லை. அவர் சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் எங்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்று மற்ற ஆசிரியர்கள் கொஞ்சம் பொறாமையோடு பேசிக்கொண்டார்கள். குரல் இல்லாதது ஒன்றுதான் குறை. முதல் நாள் அவர் குச்சியை நீட்டிக் காத்திருந்தார், பிள்ளைகளும் காத்திருந்தார்கள். கடைசியில் ஸியோனே எழுந்து, தான் மூன்று வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். வகுப்பு அவள் பின்னால் சொன்னது. ஆசிரியரின் நிழல் தலையை ஆட்டியது.

அன்றிலிருந்து அப்படியே நடந்துவருகிறது. எதிர் அறையில் முதல் வகுப்பை நடத்திக்கொண்டே எனெலேசி ஒரு காதை அந்தப் பக்கம் வைத்திருப்பார். மேகம் சூரியனை மறைத்தால் பள்ளிக்கூடம் போய்விடும், மேசைகள் போய்விடும், ஆசிரியரும் போய்விடுவார். ஸியோனே அதற்காக நிறுத்துவதில்லை. வெயில் திரும்பி, ஆசிரியர் வந்து சேர்கிறபோது வகுப்பு அவரைவிட இரண்டு பாடம் முன்னால் போயிருக்கும்.